தங்கமான பொண்ணு

நெல்லித்தோப்பில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க வெளியாள் வந்தால் தெரு மொத்தமும் ஒரே பதிலைத்தான் சொல்லும். "தங்கமான பொண்ணு." அன்று காலையில்தான் குழாயடியில் அந்தப் பெண்ணின் அம்மாவோடு குடத்தால் அடித்துக்கொண்டவளாக இருந்தாலும் பதில் மாறாது. சண்டை வேறு, விசாரிப்பு வேறு. மாப்பிள்ளை வீட்டு ஆள் மளிகைக் கடை வாசலில் நின்று, வழியில் போகிறவன் மாதிரி ஒரு சோடா வாங்கிக்கொண்டு, "அந்தப் பச்சை கேட்டு வீட்டுப் பொண்ணு எப்படிங்க?" என்று இழுத்தால் போதும். வெற்றிலை மென்றுகொண்டிருப்பவர் அதைத் துப்பிவிட்டு வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த வெற்றிலையைக் கிள்ளுவார். வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள், வெளியாளிடம் விட்டுக்கொடுக்காதே என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம்.

இதில் கன்னியம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வாயால் மட்டும் அந்தத் தெருவில் ஏழு கல்யாணம் முடிந்திருக்கிறது. ஏழில் ஒருத்திக்கு உலை வைக்கவே தெரியாது. இன்னொருத்தி கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவாள். "பூ மாதிரிங்க அந்தப் பொண்ணு" என்று கண் சிமிட்டாமல் சொல்லி அனுப்பியவள் கன்னியம்மாள். பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் வந்து பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிக் கேட்டபோதுகூட, அவன் நன்றாகச் சமைப்பான் என்று சேர்த்துச் சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

அப்படிப்பட்ட அம்மாவைத்தான் இனியா, தன்னைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்வதற்காக முல்லா வீதி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

இனியாவுக்கு இருபத்தாறு வயது. பி.எஸ்சி. வேதியியல். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையதுதான். அப்பா கோவிந்தராசு, மில் மூடிய பிறகு ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். அம்மாவுக்குத் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. இனியா சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். ஆயிரம் மூடியைக் கொட்டி வைத்தால் அதில் மயிரிழை விரிசல் விழுந்த ஒன்றை அவள் கண் தானாகப் போய்த் தொடும். மெஷின் தவறவிட்டதை அவள் பிடித்திருக்கிறாள். ஆனாலும் பத்து மாதத்தில் இரண்டு மெமோ.

முதல் மெமோ, சரக்கு வாங்க வந்தவர் எதிரிலேயே "இந்த லாட் குப்பை, அனுப்பாதீங்க" என்று சொன்னதற்கு. குப்பைதான். ஆனால் அதை அந்த ஆள் எதிரில் சொல்லலாமா? ஏன் சொல்லக் கூடாது என்று இனியாவுக்கு இன்றுவரை புரியவில்லை. வாங்கிக்கொண்டு போகப்போகிறவரே அவர்தானே? இரண்டாவது, ஷிப்ட் கூட்டத்தின் நடுவில் கம்ப்ரெஸர் இரைச்சலோடு ஓட ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதற்கு. மேனேஜர் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து போனாளாம். திமிர் என்று சூப்பர்வைசர் எழுதிவைத்தார்.

அந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் சொன்னாள். அத்தை சொன்னாள். கல்லூரி விடுதி வார்டன் சொன்னாள். பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல் மாதிரி அது அவளோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. சில இரவுகளில் அவளே அதை நம்பவும் செய்தாள்.

"உன் வேலை தங்கம்மா. வாயும் காதும்தான் பிரச்சனை" என்றார் ஹெச்.ஆர். தெய்வசிகாமணி. கெட்டவர் இல்லை. "முப்பதாம் தேதி உன்னைக் கன்ஃபர்ம் பண்ணணும், இல்ல அனுப்பணும். உனக்கு ஏதாவது இருக்குன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. கையில பேப்பர் இருந்தா நான் மேல பேசிக்குவேன். இல்லன்னா திமிருன்னுதான் போகும்."

முல்லா வீதியைக் காட்டியவன் ஷஃபீக். மூடி அச்சு மெஷின் ஓட்டுபவன். போன வருஷம் போனைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு இரண்டு நாள் தேடியவன். தேடித் தேடிச் சலித்துப்போய் இஃப்ஃபத் என்ற உளவியல் நிபுணரிடம் போனான். கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.ஹெச்.டி. என்று தெரிந்தது. மருந்தும் பயிற்சியுமாக இப்போது போன் பிரிட்ஜுக்குப் போவதில்லை, சாவிதான் போகிறது.

"உன்னப் பாத்தா எனக்கு அங்க வர்ற ரெண்டு மூணு பேரு ஞாபகம் வருது" என்றான். "ஆட்டிசம்னு நெனைக்கிறேன். எனக்கு இருக்கறதும் கொஞ்சம் கலந்திருக்கலாம். நான் டாக்டர் இல்ல, பாத்துக்க. ஆனா போய்ப் பாரு."

இனியா போனாள். குடைக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. டியூப்லைட் போடாமல் ஜன்னல் வெளிச்சம். சத்தம் போடாத பேன். "என் கண்ணைப் பார்த்துப் பேசணும்னு இல்ல இனியா. சுவத்தைப் பார்த்தும் பேசலாம்" என்று இஃப்ஃபத் சொன்னபோது, இருபத்தாறு வருஷமாகத் தூக்கிக்கொண்டு நின்ற ஏதோ ஒரு குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு நாள், இரண்டு மணி நேரம் வீதம் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

பிறகுதான் இஃப்ஃபத் அந்த நிபந்தனையைச் சொன்னார். இது நேற்று வந்ததா, பிறந்ததிலிருந்து இருப்பதா என்று தெரியாமல் எழுத முடியாது. சின்ன வயதில் பார்த்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும். அம்மா வந்தால் நல்லது.

"எங்க உம்மா மூணு மணி நேரம் பேசிச்சு" என்று ஷஃபீக் தைரியம் சொன்னான். "டாக்டர் தண்ணி குடிக்கப் போனப்பவும் நிறுத்தல. அம்மாவுங்களுக்கு இதெல்லாம் சொல்லியா குடுக்கணும்?"

அவனுக்குக் கன்னியம்மாளைத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை கன்னியம்மாள் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இனியா வாசலிலேயே பல்லைக் கடித்தாள். அந்தப் புடவை நடக்க நடக்க சரக் சரக் என்று காதுக்குள் உப்புத்தாள் தேய்க்கும்.

"மா, வேற கட்டிக்கயேன்."

"நாலு பேரு எதிர்ல போறோம். பஞ்சப் பரதேசி மாரியா போவ முடியும்?"

"நாலு பேரு இல்ல மா. ஒரே டாக்டரு. நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு கேப்பாங்க. உள்ளத சொல்லு. புரிஞ்சுதா? உள்ளத."

"எனக்குத் தெரியாதாடி? போ, முன்னால நட."

உள்ளே போய் உட்கார்ந்ததும் கன்னியம்மாளின் முதுகு நிமிர்ந்தது. இஃப்ஃபத் தாளை விரித்துவைத்து, மெதுவான குரலில், "இனியா சின்னக் குழந்தையா இருந்தப்ப எப்படிம்மா?" என்றார்.

"தங்கமான பொண்ணு டாக்டரம்மா."

இனியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேச்சு எப்போ வந்துச்சு?"

"எட்டாம் மாசம். கணீர்னு."

"மத்த பசங்களோட விளையாடுவாளா?"

"இவ இல்லாம தெருவுல ஆட்டமே கெடையாது. எல்லாத்துக்கும் இவதான் லீடரு."

"சாப்பாட்டுல அடம் பிடிப்பாளா?"

"எதக் குடுத்தாலும் துன்னும். கசாயம் குடுத்தாகூட இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேக்கும்."

"சத்தம் கேட்டா?"

"இவ இருக்கற எடமே தெரியாது. அவ்ளோ அடக்கம்."

"அவ போடற சத்தம் இல்லம்மா. மத்த சத்தத்தைக் கேட்டா?"

"யாராச்சும் சத்தம் போட்டாகூட இவ பொறுமையா இருப்பா." கன்னியம்மாள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, கடைசிச் சரக்கையும் எடுத்துவைத்தாள். "மீன் கொழம்பு வெப்பா பாருங்க. எங்க மாமியாருக்குக்கூட அந்தக் கைப்பக்குவம் வராது."

இனியா பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. அந்த வழவழப்புக்கே குமட்டும்.

இஃப்ஃபத் பேனாவை மூடிவைத்தார். முகத்தில் கோபம் இல்லை. "அம்மா, நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா இனியாவுக்கு எந்தக் கஷ்டமும் எப்பவும் இருந்ததே இல்ல. இதை அப்படியே எழுதினா இவளுக்கு ஒண்ணுமில்லைன்னுதான் வரும். மாத்தி எழுத எனக்கு உரிமை இல்ல." ஒரு கேள்வித்தாளை இனியாவிடம் நீட்டினார். "நான் தொழுதுட்டு அரை மணி நேரத்துல வந்துடறேன். வெளிய உட்கார்ந்து இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. அவங்களுக்கு வேற ஏதாவது ஞாபகம் வந்தா மறுபடி பேசலாம். இல்லன்னா அடுத்த மாசம் அஞ்சாம் தேதிதான் இடம் இருக்கு."

அஞ்சாம் தேதி. முப்பதாம் தேதிக்கு அந்தப் பக்கம். அப்போது அவள் சேதராப்பட்டுக் கம்பெனி வேனில் இருக்கமாட்டாள். திமிர் என்ற வார்த்தை கம்பெனி முத்திரையோடு கையில் இருக்கும்.

மாடிப்படியின் நடுவில் ஒரு சின்ன திருப்பம். அங்கே போட்டிருந்த பெஞ்சில் ஷஃபீக் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தான். கீழே குடைக்கடையில் அன்வருதீன் பாய் ஒரு குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். சரக் சரக்கென்று இறங்கிய கன்னியம்மாள், ஜெயித்த முகத்தோடு, "எப்படி சொன்னேன் பாத்தியா?" என்றாள்.

"நாசமா சொன்ன" என்றாள் இனியா.

"இன்னாது?"

"எட்டாம் மாசம் கணீர்னு பேசுனேனா? மீன் கொழம்பா? யாருக்கு மா என்னக் கட்டிக் குடுக்கப் பாக்கற அங்க? என் வேலை போவப்போவுது. உன் வாயாலதான் போவப்போவுது."

"அடியே, வெளியாளு முன்னாடி பெத்த பொண்ண எறக்கிப் பேசுவேனாடி நான்?"

"பேசு! பேசத்தான் கூட்டியாந்தேன்! பெரிய லீடராம்! எந்தத் தெருவுக்கு மா நான் லீடரு?"

ஷஃபீக் எழுந்து நழுவப் பார்த்தான். முடியவில்லை, இரண்டு பேரும் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் அறைக் கதவு மூடியிருந்தது. விசாரிக்க வந்த வெளியாள் என்று எதிரில் யாரும் இல்லை. கன்னியம்மாள் கணக்கில் மாடிப்படி பாதி வீடு மாதிரிதான். பட்டுப்புடவை முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். செருகிய விதத்தைப் பார்த்ததும் இனியா ஒரு படி கீழே இறங்கினாள். இது நெல்லித்தோப்புக் குழாயடிச் செருகல்.

"எவ்ளோ கொழுப்புடி உனக்கு? உன் லட்சணத்த சொல்லணுமா? சொல்லட்டா? மூணரை வயசு வரைக்கும் வாயே தொறக்காம என்ன கோயில் கோயிலா அலய வெச்சவதான நீ? தொறந்ததுதான் தொறந்த, அம்மான்னா கூப்புட்ட? தெருமொனையில நின்ன லாரி நம்பரச் சொன்னியேடி! பெத்தவ நான் இங்க நிக்கிறேன், நீ லாரிய கொஞ்சுற!"

இனியா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். முதல் கேள்வி: பேச்சு எப்போது வந்தது, முதல் சொல் என்ன?

"தீவாளிக்கு எடுத்த புது கவுன, கழுத்துப் பட்டையில லேபிள் குத்துதுன்னு கழட்டிப் போட்டுட்டு தெருவுல அம்மணமா நின்ன. ஒன்பது வருசம் இட்லிக்குச் சக்கரையத் தவிர வேற எதையாச்சும் தொட்டியா? சட்னி தட்டுல ஒரு சொட்டு பட்டுட்டா மொத்த இட்லியும் செத்துப்போச்சுன்னு அழுவ. உன் சித்தி கல்யாணத்துல மேளம் கொட்டுனதும் பந்தி மேசைக்கு அடியில பூந்துக்கினியே! உன்ன இழுக்கப் போயி எந் தங்கச்சிக்குத் தாலி ஏறுனத நான் பாக்கல. போட்டோவுலதான்டி பாத்தேன்!"

ஒன்பதாவது கேள்வி. பதினொன்று. பதினான்கு. இனியா மெல்லப் படியில் உட்கார்ந்தாள். பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.

"டிபன் பாக்ஸு! ஒரே வருசத்துல பதினாறு டிபன் பாக்ஸு! மூடியோட பத்து, மூடி இல்லாம ஆறு!"

"அது என் கேசும்மா" என்றான் ஷஃபீக், தாங்க முடியாமல். "நான் இருபத்திரெண்டு தொலைச்சேன்."

"நீ யாருப்பா நடுவுல? இரு. மூடின்னதும்தான் ஞாபகம் வருது. தெருவுல கெடக்கற சோடா மூடி, கலரு மூடி எல்லாத்தையும் பொறுக்கியாந்து அடுப்பங்கரையில இருந்து வாச வரைக்கும் வரிசையா அடுக்குவ. செவப்பு, பச்ச, செவப்பு, பச்ச. நான் தெரியாம ஒண்ண மிதிச்சிட்டா பொழுது சாயற வரைக்கும் அழுவ. மூடிப் பைத்தியம்! இன்னிக்கும் மூடியத்தான பாத்துக்கினு இருக்க! பி.எஸ்சி. படிச்சு இன்னா பிரயோசனம்? அதே மூடி!"

கீழே குடைக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இனியாவின் தோள் குலுங்கியது. கன்னியம்மாள் சட்டென்று நின்றாள்.

"அழுவுறியா?"

"இல்ல மா." இனியா நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, இரண்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. "மெதுவா சொல்லு. மேளத்துக்கு அப்புறம் இன்னா சொன்ன? நான் எழுதறதுக்குள்ள போயிட்ட."

"இன்னாடி எழுதுற?"

"நீ திட்டறதத்தான். இங்க பாரு. இதுல இருக்கற கேள்விய நீ பாக்கவே இல்ல. ஆனா வரிசையா பதில் சொல்லிட்டு வர்ற. இருபத்தாறு வருசமா சொல்லிட்டிருக்க."

கன்னியம்மாளுக்குப் படிக்க வரும். அவளும் மில்லில் வேலை பார்த்தபோது சங்கத்து நோட்டீசைப் படித்துக் காட்டியவள் அவள். தாளை வாங்கி, கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தாள். பொருள்களை வரிசையாக அடுக்குவதுண்டா. துணியின் உராய்வு, சத்தம், வாசனை தாங்க முடியாமல் இருந்ததுண்டா. பொருள்களை அடிக்கடி தொலைப்பதுண்டா. உதடு அசைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"இதெல்லாம் உன்ன மட்டும் பாத்து எழுதுனதா?"

"இல்ல மா. ஊர் பூரா என்ன மாரி இருக்காங்க. அதான் தாளே அடிச்சி வெச்சிருக்காங்க."

"இது வியாதியா?"

"வியாதி இல்ல. மூளை கட்டியிருக்கற விதமே வேற. உன் திட்டுல இருக்கறது எல்லாம் அதுதான்."

கன்னியம்மாள் தாளைத் திருப்பி நீட்டினாள். "நீ எழுதுனத நீயே குடு. நான் உள்ள போயி சொல்ல மாட்டேன். எம் பொண்ணுக்குக் கொறை இருக்குன்னு எவ வாயாலயும் வராம இத்தினி வருசம் பாத்துக்கினேன். எவ எதக் கேட்டாலும் மறிச்சேன். இப்ப என் வாயாலயே சொல்லணுமா?"

அப்போது இனியா எழுந்து நின்றாள். கோபம் போகவில்லை. அவள் கோபம் அப்படிச் சீக்கிரம் போகிற ரகம் இல்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"நீ மறிச்ச மா. எனக்குத் தெரியும். ஆனா மறிச்சி இன்னா ஆச்சு? நீ தங்கம்னு சொல்லச் சொல்ல, அவங்க திமிருன்னு சொன்னாங்க. நல்லா இருக்கற பொண்ணு காதப் பொத்திக்கினு ஓடுனா அது திமிருதான? நல்லா இருக்கற பொண்ணு பதில் சொல்லாம நின்னா அது திமிருதான? நீ சொன்ன பொய்யால ஒரு நாளும் அந்தப் பேரு போகல. காலேஜு மூணாவது வருசம் ரெண்டு மாசம் எழுந்திருக்காம கெடந்தேனே. சாவணும்னு சொன்னேனே. அப்ப தெருவுல இன்னா சொன்ன?"

கன்னியம்மாள் சுவரைப் பார்த்தாள். "மஞ்சக்காமாலன்னு."

"கீழாநெல்லி எடுத்துக்கினு பதினாலு பேரு வந்தாங்க. ஒருத்தரும் எனக்கு இன்னான்னு கேக்கல. எனக்கே இன்னான்னு தெரியாது. எனக்குத் திமிரு இல்ல மா. அத ஒருத்தராச்சும் எழுதிக் குடுக்கணும். அதுக்கு நீ வாயத் தொறக்கணும்."

அன்வருதீன் பாய்கூடக் கம்பி தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

யாரிடம் யாரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இத்தனை நாள் போட்டு வைத்திருந்த கணக்கைக் கன்னியம்மாள் இப்போது தலைகீழாகப் போட்டுப் பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். மறுபடியும் இடுப்பில் செருகினாள். முன்னைவிட இறுக்கமாக.

"டாக்டரம்மா தொழுதுட்டாங்களா பாரு" என்றாள்.

இரண்டே முக்கால் மணி நேரம். கன்னியம்மாள் பிரசவத்திலிருந்து ஆரம்பித்தாள். இடையில் இஃப்ஃபத் கேள்வி கேட்க வாயெடுத்தபோதெல்லாம், "இருங்க, அதுக்கும் வர்றேன்" என்றாள். லாரி நம்பரை இன்னும் மறக்கவில்லை, சொன்னாள். மேசைக்கடியில் பிள்ளை எப்படிச் சுருண்டிருந்தாள் என்பதைத் தானே தரையில் உட்கார்ந்து காட்டினாள். பட்டுப்புடவையோடு. கல்லூரிக் காலத்துக்கு வந்தபோது குரல் அடங்கிப்போனது. ராத்திரி முழுக்கப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் தலைவைத்துப் படுத்திருந்ததை, இனியாவுக்கே தெரியாததை, அன்றுதான் சொன்னாள். இஃப்ஃபத் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னியம்மாள் கையை விடுவித்துக்கொண்டு, "எழுதுங்க, மறந்துடப் போறீங்க" என்றாள்.

வெளியே பெஞ்சில் ஷஃபீக் தன் முறையை மொத்தமாகப் பறிகொடுத்துவிட்டுத் தூங்கியிருந்தான். பக்கத்தில் அவன் டிபன் பாக்ஸ் இருந்தது. கிளம்பும்போது அதை மறந்துவிட்டுப் போனான்.

இருபத்தாறாம் தேதி அம்மாவும் மகளும் போய் இஃப்ஃபத் கையால் அறிக்கையை வாங்கினார்கள். ஆட்டிசம், கூடவே ஏ.டி.ஹெச்.டி. பிறந்ததிலிருந்து. இனியா மூன்று முறை படித்தாள். ஒரு வரிகூட, தன்னைப் பற்றித் தெரியாத ஒருவர் எழுதியது மாதிரி இல்லை. மருந்து வேண்டுமா என்று பார்க்க ஒரு மனநல மருத்துவருக்குச் சீட்டு, மனசு இறங்கும் நாட்களில் கூப்பிட ஒரு எண், மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை இதே அறையில் அவளைப் போன்ற வயது வந்தவர்களுக்கான கூட்டம். வரலாம், பேசாமலும் இருக்கலாம்.

கம்பெனிக்குத் தனியாக ஒரு கடிதம். கன்னியம்மாள் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"திமிரு இல்லன்னு எழுதியிருக்கா?"

"அந்த வார்த்தை இல்ல மா. 'இவர் நேராகப் பேசுவதும் இடையில் எழுந்து போவதும் பிறரை மதிக்காததால் அல்ல'ன்னு இருக்கு."

"டாக்டரம்மா, அது படிச்சவங்களுக்குப் புரியும். எங்காளுங்களுக்கு அப்படி எழுதுனா புரியாது. திமிருன்னு எழுதி, இல்லன்னு எழுதுங்க."

இஃப்ஃபத் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார். கடிதத்தை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே பேனாவால் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்: சுருக்கமாகச் சொன்னால், இது திமிர் அல்ல.

தெய்வசிகாமணி அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு சர்டிபிகேட்டை நான் பார்த்ததில்லம்மா" என்றார். "எனக்கும் ஒண்ணு வாங்கித் தாயேன், வீட்டுல காட்டணும்." முப்பதாம் தேதி கன்ஃபர்ம் ஆனது. அவள் மேசை ஸ்டோர் பக்கத்துக் கண்ணாடி அறைக்கு மாறியது. காதுக்குக் கவசம் வந்தது. சரக்கு வாங்குபவர் வந்தால் குறையை வாயால் சொல்ல வேண்டாம், தாளில் எழுதித் தந்தால் போதும். முதல் தாளில் இனியா எழுதினாள்: "இந்த லாட் குப்பை." அச்சு மெஷினிலிருந்து ஷஃபீக் ஓடிவந்து அதை வாங்கி, "மறுபரிசீலனை தேவை" என்று மாற்றிக் கொடுத்தான். அன்று மதியம் தன்னுடைய பேனாவை அவளிடமிருந்து திரும்ப வாங்க மறந்துபோனான்.

மூன்றாவது சனிக்கிழமை. கூட்டத்துக்கு இனியா கிளம்பியபோது கன்னியம்மாளும் செருப்பைத் தேடினாள்.

"நீ எதுக்கு மா?"

"சும்மா. பெஞ்சில உக்காந்திருக்கேன்."

தெருமுனை வரை போன பிறகுதான் இனியாவுக்கு ஏதோ குறைவதாகத் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். அம்மா துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல்புடவையில் இருந்தாள். சத்தமே இல்லை. இனியா கொஞ்சம் மெதுவாக நடந்து, பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

கூட்டத்தில் ஒன்பது பேர். இனியா ஒன்றரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் இன்னும் இரண்டு பேர் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல சகவாசம் அவளுக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை.

வெளியே வந்தபோது பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் ஒரு பெரியவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பெயர் பக்கிரி. நாற்பது வயது மகன் எழிலரசனுக்காக வந்திருக்கிறார். மகன் இரண்டு படி தள்ளி, காதை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நம்ம பையனப் பத்திக் கேப்பாங்களாம்" என்றார் பக்கிரி, சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. "சொல்றதுக்கு இன்னா இருக்கு? தங்கமான பையன்."

கன்னியம்மாள் முழுசாக அவர் பக்கம் திரும்பினாள். கை தன்னால் இடுப்புக்குப் போய் முந்தானையைச் செருகியது.

"அண்ணே, அந்தத் தங்கத்த இங்கயே கழட்டி வெச்சிட்டுப் போங்க. உள்ள போயி நல்லா திட்டணும். மொதல்ல எங்கிட்ட திட்டிக் காட்டுங்க, பாப்போம். பேச்சு எப்ப வந்துச்சு?"

பக்கிரி மகனைப் பார்த்தார். மகன் ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்தார்.

"பேச்சா?" பெரியவர் தொண்டையைச் செருமினார். குரல் தயங்கித் தயங்கி வந்து, மெல்லச் சூடு பிடித்தது. "அத ஏம்மா கேக்கற! அஞ்சு வயசு வரைக்கும் இந்தப் பய..."

"அப்படி வாங்க" என்றாள் கன்னியம்மாள். "இனியா, அந்தப் பேனாவ எடு."